வாய்க்கும் கழுத்துக்கும் கதிர்வீச்சு: தயாரானதும் தாங்கியதும்

நாக்கின் இடது ஓரத்தில் ஆறாமல் இருந்த புண் புற்றுநோய் என்று உறுதியாகி அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு, கழுத்து நிணநீர் முடிச்சு ஒன்றில் நோய் அதன் உறையைத் தாண்டியிருந்ததால், கதிர்வீச்சும் அதனுடன் வாரந்தோறும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் தேவை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். காரைக்குடிப் பக்கம் இதைக் ‘கரண்டு வைப்பது’ என்பார்கள். வைத்துக்கொண்டவர்கள் பட்ட துன்பத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்தத் துன்பத்தில் எவ்வளவை முன்கூட்டியே குறைத்துக்கொள்ள முடியும் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. ஆகவே, இந்தச் சிகிச்சைக்குப் போகவிருப்பவர்களுக்காகவும், அவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னை அனுப்பியது பல் மருத்துவரிடம். கதிர் படும் தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால், பின்னாளில் அங்கே பல் பிடுங்க நேர்ந்தால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகும் ஆபத்து உண்டு என்றும், அந்த ஆபத்து ஆண்டுகள் பல கடந்தாலும் நீங்குவதில்லை என்றும் அவர் விளக்கினார். சொத்தையாகவும் ஆட்டமாகவும் இருந்த கடைவாய்ப் பற்களை உடனே எடுத்தார்கள். பிடுங்கிய இடம் ஆற ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். அறுவை முடிந்த ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்குவதும் முக்கியம். இந்த இரண்டு கணக்கும் ஒன்றையொன்று நெருக்குவதால், தையல் பிரித்த கையோடு பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது முகமூடி. வெந்நீர்த் தொட்டியில் மிதந்த வலைபோன்ற வெள்ளைத் தகடு ஒன்று இளகியதும், இருவர் அதை எடுத்து, நெற்றியிலிருந்து தோள்பட்டை வரை இழுத்து, மேசையின் இருபுறமும் பொருத்தினார்கள். ஈரத்துணியின் இளஞ்சூடு முகத்தில் பரவியது. சில நிமிடங்களில் அது மூக்கு, தாடை, கழுத்து ஆகியவற்றின் வடிவத்திலேயே இறுகியது. துளைகள் நிறைய இருப்பதால் மூச்சு விடுவதில் தடையில்லை, ஆனால் விழுங்கும்போது கழுத்து அழுந்தும். அதோடு சி.டி. ஸ்கேன் எடுத்து, எங்கே எவ்வளவு கதிர் படவேண்டும், தண்டுவடத்தையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் எப்படிக் காப்பது என்று திட்டமிட ஒரு வாரத்துக்கும் மேலாயிற்று. அடைபட்ட இடத்தில் அச்சப்படுபவர்கள் அதை முதல் நாளே தொழில்நுட்பரிடம் சொல்லிவிடலாம். கை உயர்த்தினால் நிறுத்துவார்கள், தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள்.

அறுவைக்குப் பின் பொதுவாக 60 முதல் 66 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வரை, நாளைக்கு 2 கிரே வீதம், திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ தருகிறார்கள்; அறுவை இல்லாமல் கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சையானால் 70 கிரே, 7 வாரம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு ரயிலேறியது எங்கள் முந்தைய தலைமுறை. இப்போது மதுரையிலும் திருச்சியிலுமே சிகிச்சை கிடைக்கிறது. காரைக்குடியிலிருந்து மதுரைக்குத் தினமும் போய்வர நினைத்தோம். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு பேருந்தில் உட்கார்ந்திருக்கவே தெம்பிருக்காது என்று செவிலியர் சொன்னதால் மருத்துவமனை அருகிலேயே அறை எடுத்தோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பவர்கள், சேரும் முன்பே காப்பீட்டு உதவி மையத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரத்தில் சுவை போயிற்று. காப்பி வெறும் சுடுநீராக இருந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து வாயெல்லாம் வெந்து, எச்சில் கோந்துபோல் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து விழித்திருக்கும் நேரமெல்லாம் கொப்பளித்தது எனக்குப் பெரிய ஆறுதல். கடையில் விற்கும், ஆல்கஹால் கலந்த கொப்பளிப்பு மருந்துகளைத் தொடக்கூடாது. நாக்கில் வெள்ளை படர்ந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. வலியைப் பொறுத்துக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை. வலி இருந்தால் விழுங்க முடியாது, விழுங்காவிட்டால் எடை குறையும், எடை குறைந்தால் முகமூடியே தளர்ந்து சிகிச்சை தடைபடும். மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சாப்பாட்டுக்குச் சற்று முன் வாயில் வைத்திருந்து, மருத்துவர் எழுதிக்கொடுத்த மார்ஃபின் என்ற வலி மருந்தையும் தயங்காமல் எடுத்துக்கொண்டேன்.

மிளகும் வரமிளகாயும் சோம்பும் இல்லாமல் அடுப்பு எரியாத எங்கள் வீட்டில் சாப்பாட்டை மாற்றுவதுதான் பெரிய வேலை. காரம், புளி, மொறுமொறுப்பு, அதிகச் சூடு ஆகிய நான்கும் விலக்கப்பட்டன. என் மனைவி ஆடி மாதத்துக்குச் செய்யும் கும்மாய மாவை, உளுந்தும் பாசிப்பருப்பும் அரிசியும் வறுத்து அரைத்ததை, கருப்பட்டிக்குப் பதில் சற்றே சர்க்கரையும் நிறையப் பாலும் நெய்யும் விட்டு, கரண்டியிலிருந்து ஒழுகும் பதத்தில் காய்ச்சிக் கொடுத்தார். நெய் கலந்ததால் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு கிண்ணத்தில் கிடைக்கும் சத்து இரண்டு கிண்ணம் கஞ்சியில் கிடைக்காது. முட்டையின் வெள்ளையும் மஞ்சளும் சேர்த்து மென்மையாக வேகவைத்தது, பாலில் ஊறிய இடியப்பம், தேங்காய்ப்பால், காரமில்லாத ஆட்டுக்கால் சூப்பு இவையே மற்றவை. சுவை தெரியாதபோது பசி வராது. ஆகவே பசிக்காகக் காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட்டேன்.

அப்படியும் ஐந்தாம் வாரத்தில் மூக்கு வழியாக உணவுக் குழாய் போட வேண்டியதாயிற்று. உறவினர்கள் இதை நோய் முற்றியதன் அடையாளமாக எண்ணி அழுதார்கள். உண்மையில் இது உடலைத் தாங்கி நிறுத்தும் தற்காலிக ஏற்பாடு. நன்றாக வடிகட்டிய உணவு, நிமிர்ந்து உட்கார்ந்த நிலை, ஊட்டும் முன்னும் பின்னும் குழாயைத் தண்ணீரால் கழுவுதல், அதன்பின் அரைமணி நேரமாவது படுக்காமல் இருத்தல் ஆகியவற்றை என் மகள் செவிலியரிடம் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டாள். குழாய் இருந்தாலும் சில மடக்குத் தண்ணீரை வாயால் விழுங்கிக்கொண்டே இருக்கும்படி சொன்னார்கள், விழுங்கும் தசைகள் வேலையை மறந்துவிடாமல் இருப்பதற்காக. அதேபோல் தாடை இறுகாமல் இருக்க, ஐஸ்கிரீம் குச்சிகளை மேல்பற்களுக்கும் கீழ்ப்பற்களுக்கும் இடையில் அடுக்கி, வாரத்துக்கு ஒன்றாகக் கூட்ட முயன்றேன். எரிச்சல் மிகுந்த நாட்களில் கூட்ட முடியாது. இருந்த எண்ணிக்கையைக் காத்தாலே போதும்.

கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. மஞ்சள், சந்தனம், பவுடர், எண்ணெய் என்று வீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன எதையும் மருத்துவரைக் கேட்காமல் தடவவில்லை. பிளேடால் சவரம் செய்யவில்லை, வெயிலில் மெல்லிய பருத்தித் துண்டைப் போர்த்திக்கொண்டேன். சிஸ்பிளாட்டின் நாட்களில் தண்ணீர் நிறைய உள்ளே போகவேண்டும், இல்லையென்றால் சிறுநீரகம் பாதிக்கும். காதில் இரைச்சல் கேட்டால் சொல்லவேண்டும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கடைசி நாள் முடிந்ததும் ஊருக்குத் திரும்பினேன். முகப்பில் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாம் நோய் தீர்ந்து நான் தெளிந்துவிட்டதாகவே எண்ணினார்கள். ஆனால் சிகிச்சை முடிந்த பிறகுதான் வாய்ப்புண் உச்சத்தில் இருக்கும், அடங்க இன்னும் சில வாரங்கள் ஆகும். இதை முன்பே தெரிந்துகொண்டிருந்ததால் வீட்டில் யாரும் பதறவில்லை. பேரன் ‘ஐயா’ என்று ஓடிவந்தபோது கதிர் ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் தடுத்தார்கள். வெளியிலிருந்து தரப்படும் இந்தக் கதிர், இயந்திரம் நின்றதும் உடலில் தங்குவதில்லை. தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்.

சுவை மாதக்கணக்கில் மெல்லத் திரும்பியது, இனிப்பு கடைசியாக வந்தது. உமிழ்நீர் இன்னும் முன்புபோல் இல்லை. உமிழ்நீர் குறைந்தால் பற்சொத்தை வேகமாக வரும் என்பதால் இரவுதோறும் ஃப்ளோரைடு ஜெல் தடவுகிறேன். கழுத்தில் கதிர் பட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறையலாம், ஆகவே 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனை. விசேஷ வீடுகளில் நீட்டப்படும் வெற்றிலைத் தட்டை இப்போது கையால் தொட்டு வணங்கிவிட்டு நகர்த்திவிடுகிறேன். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பதை அருகில் இருப்பவரிடமும் சொல்கிறேன். முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்கிறார். இடையில் கழுத்தில் புதுக் கட்டியோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ தெரிந்தால், குறித்த தேதிவரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டவேண்டும்.