வயிற்று வலி என்ற ஒரு வார்த்தையும் ஏழு மாத அலைச்சலும்

பாலக்கோடு பக்கம் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தக்காளி. ராத்திரியில் கரண்ட் வரும்போது தண்ணீர் கட்ட வேண்டும் என்று மோட்டார் கொட்டகையிலேயே சாக்கு விரித்துத் தரையில் படுத்துக்கொள்வார். போன வருஷம் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குச் சித்திக்கு போன் செய்து, வயிறு வலிக்குது, கண் இமை தூக்க முடியல என்றிருக்கிறார். நாங்கள் கொல்லைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கொட்டகையில் தக்காளிக்கு அடிக்கும் பூச்சிமருந்து பாட்டில் இருந்தது. அது போதாதா? புகார் எழுதும்போதே, "வயிற்று வலி தாங்காம மருந்து குடிச்சிட்டார்னு போட்டுக்கலாமா?" என்று ஏட்டு கேட்டார். பேப்பரில் தினம் படிக்கிற வரிதான், நம் வீட்டுக்கே வரும்போதுதான் சுருக்கென்கிறது. சித்தி தலையாட்டப் போனாள், நான்தான் தடுத்து, சாவுக்குக் காரணம் தெரியவில்லை என்று மட்டும் எழுதச் சொன்னேன். சந்தேக மரணத்தை விசாரிக்கப் போடும் பிரிவு அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் இப்போது 194.

பஞ்சாயத்தார் கையெழுத்தெல்லாம் முடிந்து ஆஸ்பத்திரிக்கு உடலைக் கொண்டுபோகும்போது மாலை ஐந்து. ராத்திரியிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டதே என்றேன். தற்கொலை, கொலை என்று சந்தேகம் இருந்தால் அது பொருந்தாதாம். சரி, மார்ச்சுவரி வாசல் புங்க மரத்தடியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். துணிக்கு, கயிறுக்கு என்று உள்ளே இருந்து ஒருவர் வந்து இரண்டாயிரம் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன், கொடுத்தோம், வேறென்ன செய்வது.

காலையில் வந்த டாக்டர் சின்ன வயசு. உள்ளே போவதற்கு முன் எங்களிடம், "கடைசியா என்ன சொன்னார்?" என்று கேட்டார். இமை விஷயத்தைச் சொன்னதும் நின்றுவிட்டார். "தரையில படுத்திருந்தாரா?" என்று மறுபடி கேட்டார். கட்டுவிரியன் கடித்தால் வீக்கமே இருக்காதாம், வலியும் பெரிதாகத் தெரியாதாம், வயிற்று வலியும் இமை தொங்குவதும்தான் அடையாளமாம். சேற்றைக் கழுவி, லென்ஸ் வைத்துத் தேடியதில் இடது கை சுண்டுவிரல் ஓரத்தில் இரண்டு புள்ளி, ஊசி குத்தியது போல, கடுகளவு கூட இல்லை. போட்டோ எடுத்தார்கள். அந்த இடத்துத் தோலையும், ஒப்பிட வலது கையிலிருந்து அதே இடத்துத் தோலையும் எடுத்தார்கள். இரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகத் துண்டுகள் உப்புக் கரைசல் பாட்டில்களில் அரக்கு வைத்து ஆய்வகத்துக்குப் போயின.

பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட்டில் காரணம் எழுதவில்லை, ஆய்வக முடிவு வந்த பிறகு என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏழு மாதம். ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எத்தனை நடை என்று கணக்கே இல்லை. வந்தது என்னவென்றால், "நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை". வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சித்தப்பாவுக்கு 2 லட்சம் வர வேண்டும், தற்கொலை என்றால் கிடையாது. வங்கியில் அந்தத் தாளைப் பார்த்ததும், "அப்ப பாம்பும் கடிக்கலையே" என்றார்கள்.

திரும்ப அந்த டாக்டரிடமே ஓடினேன். பாம்பு விஷம் புரதம், பூச்சிமருந்து தேடும் சோதனையில் அது சிக்காது, ஆனால் மருந்து குடிக்கவில்லை என்பதற்கு இந்தத் தாளே சாட்சி என்றார். புள்ளிகளையும் அறிகுறிகளையும் குறிப்பிட்டு, கட்டுவிரியன் கடிக்குப் பொருந்துகிறது என்று இறுதிக் கருத்து எழுதிக் கொடுத்தார். அதன் நகலை வாங்க ஸ்டேஷனுக்கு இன்னும் மூன்று நடை.

போன வாரம்தான் பணம் ஏறியது. மோட்டார் கொட்டகையில் இப்போது தம்பி படுக்கிறான், கயிற்றுக் கட்டிலில்.