ஐந்து இதழ்க் கணக்கு

திருநெல்வேலி டவுனில் எங்கள் வளவின் புறவாசலில் ஒற்றை நந்தியாவட்டை ஒன்று நின்றது. காற்றாடி போல முறுக்கிய ஐந்து வெள்ளை இதழ்கள். ஆச்சி விடியும் முன்பே பறித்துவந்து பிள்ளையாருக்கு வைப்பாள். வைக்கும்போது இதழுக்கு ஓர் எழுத்தாக ந, ம, சி, வா, ய என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். பிள்ளைக்கு எதற்கு அப்பாவின் மந்திரம் என்று கேட்டால் முறைப்பாள். அடுக்கு நந்தியாவட்டையை அவள் மதித்ததே இல்லை. கணக்கில் வராத பூவாம் அது.

இதழ் எண்ணும் வழக்கம் எனக்கும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் வடக்கே இந்த ஊருக்கு வந்த முதல் வருடம், வேலியோரத்து நீலப் பூ ஒன்றை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு அம்மாள் என்னிடம் முதன்முதலாகப் பேசினார். அது ஜெரேனியம். பூ உதிர்ந்ததும் வரும் காயைக் கிள்ளிக் காட்டினார்: நீட்டிய கொக்கு அலகேதான். பெயரே கொக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம். எனக்குக் கூந்தன்குளத்தில் மரம் நிறைய உட்கார்ந்திருக்கும் நாரைகள் நினைவுக்கு வந்தன. அதை அவருக்கு விளக்க அன்று என்னிடம் ஆங்கிலம் போதவில்லை.

அடுத்த மே மாதம் செடிக்கடையில் ஒரு வேடிக்கை. நித்தியகல்யாணி தொட்டியில் நிற்கிறது, நான்கு பவுண்டு! எங்கள் பக்கம் அதற்குச் சுடுகாட்டுப் பூ என்றும் பெயர். செம்மண்ணில் யாரும் தண்ணீர் விடாமல் தானே முளைத்துக் கிடக்கும். ஆச்சி வாசலுக்குள் விடமாட்டாள். பூர்வீகம் என்னவோ மடகாஸ்கர். குழந்தைகளின் இரத்தப் புற்றுக்குத் தரும் வின்கிரிஸ்டின் மருந்து அதன் இலையிலிருந்துதான் கிடைக்கிறது. நம் தென் மாவட்டங்களில் அதைப் பயிராகவே போட்டு, இலையையும் வேரையும் காயவைத்து மூட்டை மூட்டையாக அனுப்பியிருக்கிறார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு நான்கு பவுண்டு பெரிதாகத் தோன்றவில்லை. வாங்கி, அன்றே தோட்டத்து மண்ணில் நட்டேன்.

பத்து நாள்கூடத் தாங்கவில்லை. முதலில் விடாத மழை, பிறகு ஓர் இரவு உறைபனி. காலையில் இலையெல்லாம் வெந்த கீரையாகக் கிடந்தது. மே கடைசி வரை பொறுத்திருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் பிறகுதான் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, நான் கேட்கவில்லை. வேரில் ஈரம் தங்கினால் அந்தச் செடிக்கு ஆகாது என்பதுகூட, வெயிலிலே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. இப்போது வருடந்தோறும் சன்னலோரத் தொட்டியில் ஒன்று வைக்கிறேன். மணல் கலந்த மண், மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். பூக்கிறது.

அரளி ஆசையும் இருந்தது. நான்குவழிச் சாலையில் மதுரையிலிருந்து ஊருக்கு வரும்போது நடுத்திட்டில் வழிநெடுகப் பூத்து நிற்குமே, அந்த அரளி. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் விட்டுவிட்டேன். அத்தனை பாகமும் விஷம்.

இங்கே குளிர்காலம்தான் எனக்குப் பெரிய பாடு. நான்கு மணிக்கே இருட்டு. பிள்ளையாருக்கு வைக்க ஒரு பூ இல்லை. கடைப் பூவில் மனம் ஒட்டவில்லை. போன ஜனவரியில் அந்த அம்மாள் தன் தோட்டத்து ஹெல்லிபோர் ஒன்றைத் தொட்டியோடு தந்தார். பனிக்குள்ளேயே தலை குனிந்து பூக்கிறது. நிமிர்த்திப் பார்த்தால், ஐந்து. இதுவும் விஷச்செடிதான், தொட்டால் கை கழுவச் சொன்னார். அதனால் குழந்தைக்கு எட்டாமல் வெளியே மாடத்தில் வைத்திருக்கிறேன்.

அன்று மாலையே ஆச்சியை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உதடு அசைய எண்ணினாள்.

"வாசம் உண்டா?"

"இல்லை ஆச்சி."

"இருக்கட்டும். கணக்கு சரியாக இருக்கிறது. பிள்ளையாருக்கு வை."

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஐந்தும் இதழே இல்லை, மொட்டைப் பொதிந்திருக்கும் புல்லிகள்தான், உண்மையான இதழ்கள் உள்ளே தேன் சுரக்கும் சின்னக் குழல்களாகச் சுருங்கிவிட்டன, அவை நிறைய இருக்கின்றன என்று படித்ததையெல்லாம் ஒப்பித்தேன்.

ஆச்சி சற்று யோசித்தாள்.

"ஏட்டி, அதைப் பிள்ளையாரிடம் சொல்லாதே."