உதிரிபாகத்துக்கு என்று விற்ற நாலு கதவு டார்ட்

விளம்பரத்தில் "உதிரிபாகங்களுக்கு மட்டும்" என்றுதான் போட்டிருந்தார்கள். 1967 டாட்ஜ் டார்ட் 270, நாலு கதவு, ஆறு சிலிண்டர், ஓடாது, 1,800 டாலர். மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகையில் 19 வருடமாக நின்ற கார். நான் போனபோது எனக்கு முன்பே வந்திருந்த ஒருவர் பானட்டையும் முன் மட்கார்டுகளையும் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் இரண்டு கதவு டார்ட் ஒன்று இருக்கிறதாம். இதன் மூஞ்சியைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு மிச்சத்தை எடைக்குப் போட்டுவிடுவாராம். பின்கதவுகளை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் பழைய கார் பிரியர்கள் நாலு கதவு வண்டியை "மோர் டோர்" என்று கிண்டல் செய்வார்கள். அதே வருடத்து டார்ட் ஜிடி, இரண்டு கதவு என்றால் விலை எங்கோ இருக்கும். முன்பக்கத் தகடுகள் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் நாலு கதவு வண்டிகளை அறுத்து இரண்டு கதவு வண்டிகளை வாழவைப்பது இங்கே சர்வசாதாரணம். அம்பாசடரிலும் பியட்டிலும் வளர்ந்த எனக்கு இது புரியவே இல்லை. எங்களுக்குக் கார் என்றாலே நாலு கதவுதானே. முன்சீட்டை மடக்கிவிட்டுப் பாட்டியைக் குனியவைத்துப் பின்னால் ஏற்றும் வண்டியை யார் கௌரவமாக நினைப்பார்கள்?

அவர் 1,500-க்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் 1,800-ஐ எண்ணிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இழுவை வண்டி வந்து இறக்கியபோது மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "ஓடுற கார் ரெண்டு இருக்கு. ஓடாதது ஒண்ணு இல்லாததுதான் குறையா இருந்துச்சு" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான் மெக்கானிக் இல்லை, கம்ப்யூட்டர் வேலை. அடுத்த தெருவில் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவர்தான் குரு. அவர் முதலில் கையில் எடுத்தது ஸ்குரூ டிரைவரை. எதையும் கழற்ற அல்ல, குத்திப் பார்க்க. இந்த வண்டிக்குத் தனிச் சேஸ் கிடையாது, பாடியே சேஸ். மிச்சிகனில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அது அடியில் தின்றிருந்தால் மேலே எவ்வளவு பளபளத்தாலும் வீண். முன் சஸ்பென்ஷனில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பிகள்தான் பாரத்தைத் தாங்குகின்றன. அவற்றின் பின்முனை பொருந்தும் குறுக்குச் சட்டம் போயிருந்தால் வண்டியை அப்படியே அந்த ஆளிடமே கொடுத்துவிடச் சொன்னார். நல்லவேளை, அது கெட்டியாக இருந்தது. டிக்கியின் தரையில் கை நுழையும் ஓட்டை. ஓட்டுநர் காலடியிலும் பொத்தல். அதற்குக் காரணம் உப்பு இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் பள்ளத்தில் இலைக்குப்பை அடைத்து, மழைத்தண்ணீர் வடியாமல் உள்ளே இறங்கியிருக்கிறது. இரண்டு காபி டப்பா நிறைய மட்கிய இலை எடுத்தேன்.

தரைக்கு இரண்டு கதவு டார்ட்டுக்கென்று செய்து விற்கும் புதுத் தகடே முன்பக்கம் பொருந்தியது. டிக்கிக்கு வெறும் தகட்டை வெட்டி வெல்டிங் வைத்தோம். வெல்டிங் அவர், தேய்ப்பது நான். ஒரு குளிர்காலம் முழுக்க அதுதான்.

கதவுத் தூணில் ஒரு சின்னத் தகட்டில் வண்டி எண் இருக்கும். எல் எச் 41 பி 7 2 என்று தொடங்கும். எல் என்றால் டார்ட், எச் என்றால் 270 ரகம், 41 என்றால் நாலு கதவு செடான், பி என்றால் 225 கன அங்குல எஞ்சின், 7 என்றால் 1967, கடைசி 2 ஹாம்ட்ராம்க் தொழிற்சாலை. ஹாம்ட்ராம்க்கா! மாதம் ஒருமுறை மீன் வாங்கப் போகும் ஊர் அது. இப்போது அங்கே வங்கதேசத்துக்காரர்கள் நிறைய. இலிஷ் அங்கேதான் கிடைக்கும். 'டாட்ஜ் மெயின்' என்ற அந்தத் தொழிற்சாலையை 1980-இல் மூடி, இடித்து, அந்த இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வேறு ஆலை கட்டிவிட்டது. என் வண்டி பிறந்த இடத்தை இத்தனை வருடம் மீன் பையோடு கடந்துபோயிருக்கிறேன்.

இனி எஞ்சின். டாட்ஜின் தாய்க் கம்பெனியான கிறைஸ்லரின் இந்த ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு 'ஸ்லான்ட் சிக்ஸ்' என்று பெயர். 30 டிகிரி வலப்பக்கம் சாய்ந்து, ஈஸி சேரில் படுத்த மாமா மாதிரி இருக்கும். சாய்த்ததால் பானட்டைத் தாழ்வாக வைக்க முடிந்தது, காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் நீளமான இன்டேக் குழாய்களுக்கும் இடப்பக்கம் இடம் கிடைத்தது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் ஊற்றி, ஒரு வாரம் ஊறவிட்டு, எஞ்சினைக் கையால் திருப்பப் பார்த்தோம். முதலில் அசையவில்லை. நாலாம் நாள் ஒரு விரல்கடை நகர்ந்தது. டேங்கில் இருந்த பெட்ரோல் வார்னிஷ் நாற்றம் அடித்தது. டேங்கை இறக்கிக் கழுவி, ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடும்.

இந்த எஞ்சினில் பிளக்குகள் அலுமினியக் குழல்களுக்குள் உட்கார்ந்திருக்கும். குழலின் அடி விளிம்பே வாஷர் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிளக்கோடு வரும் வாஷரைக் கழற்றி எறிய வேண்டும். தெரியாமல் ஆறையும் வாஷரோடு மாட்டி, மறுபடி ஆறையும் கழற்றினேன்.

செல்ஃப் அடித்ததும் வந்த சத்தத்துக்கு நான் தயாராக இல்லை. அந்தக் காலத்து கிறைஸ்லர் ஸ்டார்ட்டருக்குள் பல்சக்கரக் குறைப்பு உண்டு. ஒரு விசித்திரமான ராகத்தில் இழுக்கும். கிறைஸ்லர் தலைமையகம் இருந்த ஊரை வைத்து 'ஹைலண்ட் பார்க் தேன்சிட்டு' என்று இங்கே செல்லமாகச் சொல்வார்கள். சிட்டு கூவியது, எஞ்சின் பிடித்தது, ஒரே புகை. 19 வருடத் தூக்கம்.

அப்புறம் டேப்பெட், அதாவது வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்வது. இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பழைய சர்வீஸ் புத்தகத்தின்படி எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும்போதே இடைவெளி வைக்க வேண்டும்: இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.020. மூடியைத் திறந்தால் வால்வுகளை அழுத்தும் பன்னிரண்டு ராக்கர்களும் குதித்துக்கொண்டிருக்கும். ஒரு கையில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ், மறு கையில் ஸ்பேனர். இடைவெளி குறைவாக இருந்தால் ஃபீலரை லபக்கென்று கவ்விக்கொள்ளும். கூடுதலாக இருந்தால் டிக் டிக் என்று அடிக்கும். சரியாக வந்தால் ஃபீலர் லேசாக இழுபட்டு வரும், வெண்ணெய்த்தாளை இரண்டு விரலுக்கு நடுவில் உருவுவது போல. ஆறாவதுக்கு வருவதற்குள் சட்டை முழுக்க எண்ணெய்த் தெறிப்பு, முழங்கையில் ஒரு சூடு. பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காதாலேயே எந்த வால்வு என்று சொன்னார்.

பிரேக்கில்தான் அவமானம். இடது முன்சக்கரம் கழலவில்லை. ஸ்பேனரில் பைப்பை நுழைத்து, ஏறி நின்றேன். டக். போல்ட் ஒடிந்தது. அடுத்ததிலும் ஏறி நின்றேன். அதுவும் டக். அதன் பிறகுதான் மூன்றாவது போல்ட் முனையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். 'எல்' என்று குத்தியிருந்தது. சக்கரம் சுற்றும்போது நட்டு தளரக்கூடாது என்று கிறைஸ்லர் அந்த நாட்களில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை போட்டிருந்தது. அரை மணி நேரமாக நான் நட்டை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மரை கழன்ற கேஸ் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

உள்ளே 9 அங்குல டிரம். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டினோம். வீல் சிலிண்டர், குழாய், பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதிது. இதில் ஒரு அதிர்ஷ்டம்: 1967 முதல் மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறை. 1966 வண்டியாக இருந்தால் ஒரு இடத்தில் ஒழுகினால் நாலு சக்கரமும் அம்போ.

வயரிங்கில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். சார்ஜ் ஆகும் மொத்தக் கரண்டும் எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் தடுப்பான ஃபயர்வாலில் உள்ள கப்ளர் வழியாக, கரண்ட் அளவைக் காட்டும் டாஷ்போர்டு அம்மீட்டருக்குப் போய்த் திரும்பும் அமைப்பு இது. என் வண்டியில் அந்தக் கப்ளர் ஒரு மூலையில் ஏற்கெனவே உருகிப் பழுப்பாகியிருந்தது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக ஒரு தடித்த கம்பி, நடுவில் ஃபியூஸ் மாதிரி ஒரு உருகு இணைப்பு. அம்மீட்டர் முள் இப்போது சும்மா நடுவில் நிற்கிறது. அசல் கெட்டுவிட்டதே என்று யாரும் வருத்தப்படப் போவதில்லை. நாலு கதவு வண்டியில் இது ஒரு சௌகரியம்.

இதுவரை சொன்ன எல்லாமே காசு கொடுத்தால் அஞ்சலில் வரும் சாமான். நாலு கதவின் உண்மையான தண்டனை முன்சீட்டுக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. பின்கதவு ரப்பர் பீடிங் யாரிடம் கேட்டாலும் இல்லை. இரண்டு கதவுக்கு ஐந்து ரகத்தில் வைத்திருப்பவர்கள் என் கேள்வியைக் கேட்டதும் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள். கடைசியில் பழைய பீடிங்கில் ஒரு துண்டை அறுத்து, குறுக்குவெட்டை மையில் தோய்த்துத் தாளில் அச்செடுத்து, அதே வடிவத்துக்குக் கிட்டத்தட்ட வரும் ரப்பரைச் சுருளாக வாங்கி ஒட்டினேன். மூலைகளை மட்டும் 45 டிகிரியில் வெட்டி இணைக்க வேண்டும். நாலு மூலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் மழையில் வலப்பக்கம் தண்ணீர் வந்தது. பிரித்து மறுபடி ஒட்டினேன்.

இடது பின்கதவுக் கண்ணாடி உடைந்திருந்தது. தெற்கு ஒஹாயோவில், நாலு மணி நேரத் தூரத்தில் ஒரு பழைய இரும்பு யார்டில் 1968 நாலு கதவு டார்ட் ஒன்று கிடப்பதாகத் தெரிந்தது. போய்ப் பார்த்தால் எதிர்பார்த்தபடியே பானட் இல்லை, மட்கார்டு இல்லை, கிரில் இல்லை, எஞ்சின் இல்லை. பின்கதவுகள் மட்டும் கண்ணாடியோடு பத்திரமாக இருந்தன. கண்ணாடி, ஏற்றி இறக்கும் கருவி, கைப்பிடி எல்லாம் சேர்த்து 60 டாலர். கல்லாவில் இருந்தவர் இதை எதற்கு வாங்குகிறாய் என்று இரண்டு முறை கேட்டார்.

சீட் உறையும் அப்படித்தான். அச்சு அசலாகத் தைத்து விற்பது இரண்டு கதவுக்கு மட்டும். பழைய உறையைத் தையல் பிரித்து, அதையே பேட்டர்னாக வைத்துத் தைக்கக் கொடுத்தேன்; மொத்தச் செலவில் பெரிய துண்டு அதுதான். பெயிண்ட் அடிக்கவே இல்லை. ஓரங்களில் துரு தெரிகிறது, தெரியட்டும். 13 அங்குல டயருக்கு அலைந்ததைத் தனியாக எழுதலாம், வேண்டாம்.

பதிவுக்கு இங்கே, நம்ம ஊர் ஆர்டிஓ மாதிரி, மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பழைய உரிமைப் பத்திரம் கையில் இருந்ததால் அரை மணியில் வரலாற்று வாகன நம்பர் பிளேட் வந்துவிட்டது. பத்திரம் இல்லாத பழைய வண்டியைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

முதல் நீண்ட ஓட்டம் பாண்டியாக் நகரத்தில் இருக்கும் பராசக்தி கோயிலுக்கு. பாண்டியாக் என்பது போட்டிக் கம்பெனிக் காரின் பெயரும்கூட; டாட்ஜ் வண்டிக்குப் பாண்டியாக்கில் பூஜை. அர்ச்சகர் சந்தனம் வைத்துக்கொண்டே, "எந்த வருஷம் சார்?" என்றார். 1967 என்றேன். "என்னைவிடப் பெரியவங்க" என்று இன்னொரு பொட்டு சேர்த்து வைத்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சாவியைத் திருப்பினேன். சிட்டு கூவியது, எஞ்சின் பிடித்தது, சாவியை விட்டதும் அணைந்தது. மறுபடி. அதே கதை. எலுமிச்சம்பழம் நாலும் முழுசாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. "பழத்துக்கே நம்பிக்கை இல்ல போல" என்றாள் மனைவி.

பிடிக்கிறது, சாவியை விட்டால் அணைகிறது என்றால் கிறைஸ்லர்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது பேலஸ்ட் ரெசிஸ்டர். ஃபயர்வாலில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் துண்டு. ஸ்டார்ட் செய்யும்போது, பிளக்குகளுக்குப் பொறி தரும் காயிலுக்கு அதைத் தாண்டி நேராகக் கரண்ட் போகும். சாவியை விட்டதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அதற்குள் கம்பி அறுந்திருந்தால் அந்த நொடியே எஞ்சின் நிற்கும். பெரியவருக்குப் போன் போட்டேன். ஒரு கம்பித் துண்டால் இரண்டு முனையையும் இணைத்து வீடு வரை மெதுவாக வா, அதற்கு மேல் ஓட்டினால் காயிலின் கரண்டைத் திறந்து மூடும் பாயின்ட் கருகிவிடும் என்றார். கோயில் வாசலில் ஸ்பீக்கர் வயர் ஒரு சாண் கிடைத்தது. பழங்கள் நசுங்கின. இப்போது டாஷ்போர்டு பெட்டியில் இரண்டு ரெசிஸ்டர் வைத்திருக்கிறேன்.

எல்லாம் சேர்த்து 9,000 டாலருக்குக் கொஞ்சம் மேல், இரண்டு குளிர்காலம். விற்றால் அதில் பாதி வருமா என்பது சந்தேகம்.

ஆகஸ்ட் மாதம் மூன்றாம் சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகும். நாங்களும் ஓரமாக நிறுத்திவிட்டுப் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒருவர் வந்து பானட்டைத் தட்டிப் பார்த்தார், முன் மட்கார்டைத் தட்டிப் பார்த்தார், விற்பாயா என்று கேட்டார். கொட்டகையில் பார்த்த ஆள் இல்லை, வேறு ஒருவர். பின்கதவைத் திறந்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார், சீட்டைத் தடவினார், கண்ணாடியை இறக்கினார். ஒஹாயோ கண்ணாடி, பாதி இறங்கி வழக்கம்போல நின்றுவிட்டது.