நாலு ஆரச் சக்கரமும் ஹிஸ்ட்ரியாவும்

ருமேனியா போகிறவர்கள் பெரும்பாலும் டிராகுலா கோட்டை என்று சொல்லி மலைப்பக்கம் போய்விடுவார்கள். நான் எதிர்த்திசையில், கருங்கடல் பக்கம் போனேன். காரணம் ஒரு காசு. அதுவும் தங்கமோ வெள்ளியோ இல்லை, வெண்கலம்.

சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் நாலு ஆரங்களோடு ஒரு சக்கரம். மறுபக்கம் இயோட்டா, சிக்மா, டௌ என்று மூன்று கிரேக்க எழுத்துகள். அவ்வளவுதான். அரசன் தலையோ தெய்வத்தின் முகமோ கிடையாது. கிமு ஐந்தாம் நூற்றாண்டில் இதை வெளியிட்டது இஸ்த்ரோஸ் என்ற ஊர். கிரேக்கர் டான்யூப் ஆற்றுக்கு வைத்த பெயரும் அதுவே. ரோமானியர் காலத்திலிருந்து ஊர் ஹிஸ்ட்ரியா ஆகிவிட்டது.

புக்கரெஸ்டிலிருந்து ரயிலில் கான்ஸ்டான்சா. பழைய பெயர் டோமிஸ். ரோமக் கவிஞர் ஓவிடை கிபி 8-இல் நாடு கடத்தியது இங்கேதான். ஊர் நடுவில் சிலையாக, கன்னத்தில் கைவைத்த மாதிரி யோசனையில் நிற்கிறார். அவரைப் பார்த்துவிட்டு ஒரு வாடகைக் கார் பிடித்து வடக்கே கிளம்பினேன். சுமார் 65 கிலோமீட்டர். பேருந்தை நம்பிப் போகிற இடம் இல்லை. வழியெல்லாம் தட்டையான வயல், சூரியகாந்தி, அப்புறம் காற்றாலைகள், மறுபடி காற்றாலைகள்.

இடிபாடுகளின் வாசலிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. பெரிய கல்வெட்டுகளையும் சாடிகளையும் தாண்டி, கண்ணாடிப் பேழையில் அந்தச் சின்னக் காசுகள். குனிந்து பார்த்தால், விளிம்பில் ஓரிடத்தில் சின்ன முளை துருத்திக்கொண்டிருந்தது. அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். மற்ற ஊர்க் கிரேக்கர்கள் பெரும்பாலும் சூடாக்கிய வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்துச் சுத்தியலால் அடித்துக் காசு செய்தார்கள். இங்கேயோ வெண்கலத்தை உருக்கி வார்ப்பில் ஊற்றினார்கள். ஒரே வார்ப்பில் பல காசுகள் வாய்க்காலால் இணைந்து வரும். ஆறியதும் ஒவ்வொன்றாக உடைத்து எடுப்பார்கள். உடைத்த இடம்தான் அந்த முளை. இரண்டாயிரத்து நானூறு வருடம் கழித்தும் பட்டறைக்காரரின் அவசரம் அதில் தெரிகிறது. அரம் எடுத்து ஒரு தேய் தேய்த்திருக்கலாம், மெனக்கெடவில்லை.

சக்கரத்துக்கும் முன்னால் இந்தக் கரையில் அம்பு முனைகளே காசாக ஓடின. எய்வதற்கான அம்பு இல்லை. கூர் வைக்காமல், அம்பு வடிவத்தில் வார்த்த வெண்கலத் துண்டுகள். வடக்கே எனிசாலா பக்கம் இவை புதையலாகவே கிடைத்திருக்கின்றன. இன்னும் வடக்கே ஓல்பியா ஊரில் டால்ஃபின் வடிவத்தில் காசு வார்த்தார்கள். ஏதென்ஸ் காசில் இருக்கும் ஆந்தையைவிட எனக்கு இவைதான் அழகு.

இஸ்த்ரோஸ் ஊரைக் குடியேற்றியவர்கள் இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த மிலேட்டஸ் நகரத்தார். கிமு 657 என்று பழைய கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் யூசிபியஸ் ஆண்டு கொடுக்கிறார். மண்ணில் கிடைத்த பானைகள் அதற்குக் கொஞ்சம் பிந்தியவை. ஆற்று வாய் பக்கத்தில், சுற்றிலும் மீன், உள்நாட்டில் கோதுமை. இடத்தைத் தேர்ந்தவனுக்குக் கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது. இவர்களுடைய வெள்ளிக் காசில் டால்ஃபினைக் கொத்தும் கடற்கழுகு இருக்கும். மறுபக்கம் இரண்டு இளைஞர் முகங்கள், ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. இரட்டையர் தெய்வம் என்பார் ஒருவர், உதிக்கும் சூரியனும் மறையும் சூரியனும் என்பார் இன்னொருவர், டான்யூபின் இரண்டு கிளைகள் என்பார் மற்றொருவர். சண்டை இன்னும் முடியவில்லை.

ஆனால் நான் வந்தது சக்கரத்துக்காக. அதற்குப் பின்னால் ஒரு தாயும் மகனும் இருக்கிறார்கள்.

பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிற கதை இது. சித்தியர் என்ற குதிரைவீரர் கூட்டத்தின் அரசன் அரியபைத்தீஸுக்கு இந்த ஊர்ப்பெண் ஒருத்தி வாழ்க்கைப்பட்டாள். அவள் பெயரை அவர் எழுதவில்லை. தன் மகன் ஸ்கைலீஸுக்குக் கிரேக்க மொழியும் எழுத்தும் அவளே சொல்லிக்கொடுத்தாள். பையன் வளர்ந்து அரசனானான். மனசு மட்டும் அம்மா பக்கமே இருந்தது. படையை ஓல்பியாவின் புறநகரில் விட்டுவிட்டு, தான் மட்டும் கோட்டைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொல்வான். சித்திய உடையைக் கழற்றிவிட்டுக் கிரேக்க உடையில் ஒரு மாதம் இருப்பான். உள்ளூர்ப் பெண்ணை மணந்துகொண்டு, சுற்றிலும் வெள்ளைச் சலவைக்கல்லில் ஸ்பிங்க்ஸ் சிலைகள் வைத்து வீடும் கட்டினான். கடைசியில் மதுக் கடவுள் டயோனைசஸின் திருவிழாவில் தன்னை மறந்து ஆடினதை, ஒரு கோபுரத்தின் மேலிருந்து அவனுடைய ஆட்களே பார்த்துவிட்டார்கள். கலகம். தம்பி ஒக்டமசாடீஸ் அரசனானான். ஸ்கைலீஸ் பக்கத்து நாடான திரேசியாவுக்குத் தப்பி ஓடினான். திரேசிய அரசன் சிடால்க்கீஸ் பதிலுக்கு ஒருவனை வாங்கிக்கொண்டு அவனை ஒப்படைத்துவிட்டான். அங்கேயே தலையை வெட்டினார்கள். இடம், இஸ்த்ரோஸ் ஆற்றங்கரை. அம்மா ஊரின் பெயர் கொண்ட அதே ஆறு.

வெறும் கதை என்று ஒதுக்க முடியாதபடி இரண்டு பொருள்கள் கிடைத்திருக்கின்றன. ஹிஸ்ட்ரியாவுக்குத் தெற்கே ஒரு தங்க மோதிரம். அதில் அமர்ந்த கோலத்தில் ஒரு தெய்வப் பெண், கூடவே ஸ்கைலீஸின் பெயர். இன்னொன்று, டினீஸ்டர் முகத்துவாரத்தில் நிகோனியோன் என்ற ஊரில் வார்த்த வெண்கலக் காசுகள். அவற்றில் ஒரு பக்கம் ஆந்தையோடு ஸ்கைலீஸ் பெயரின் எழுத்துகள். மறுபக்கம்? நாலு ஆரச் சக்கரம். சித்திய அரசன் பெயர் போட்ட காசில் அம்மா ஊர்ச் சின்னம். அந்த ஊரோடு வியாபாரம் இருந்தது, அதனால் சக்கரத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று நிதானமாக விளக்கம் சொல்லலாம். எனக்கு அந்த நிதானம் இல்லை, அம்மாவைத்தான் நினைத்தேன்.

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்தால் வெயில், புல், கல். கிழக்கே தண்ணீர் தெரிகிறது. பார்த்துவிட்டுக் கடல் என்று படம் எடுக்கிறார்கள். அது சினோயே ஏரி. டான்யூப் கொண்டுவந்த வண்டலைக் கரையோர நீரோட்டம் திட்டுத் திட்டாகச் சேர்த்து, விரிகுடாவின் வாயை அடைத்துவிட்டது. திறந்த கடல் மணல்திட்டுக்கு அப்பால். துறைமுகம் தூர்ந்த ஊருக்கு என்ன வேலை? கிபி ஏழாம் நூற்றாண்டோடு கைவிட்டுப் போய்விட்டார்கள். 1914-இல் தொல்லியலாளர் வசிலே பர்வான் தோண்ட ஆரம்பிக்கும்வரை மண்ணுக்குள் கிடந்தது.

கண்ணில் முதலில் படும் பெரிய மதில் கிரேக்கருடையது இல்லை. கிபி மூன்றாம் நூற்றாண்டில் கோத்தர்கள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் அடித்து நொறுக்கிய பிறகு அவசரமாகக் கட்டியது. கோயில் கல், கல்வெட்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள். அஃப்ரோடைட்டி, ஸீயஸ் கோயில்களின் அடித்தளம் தண்ணீர்க் கரையோரம் இருக்கிறது. முழங்கால் உயரம்கூட இல்லை. கல் இடுக்குகளில் தண்ணீர்ப்பாம்புகள் வெயில் காய்கின்றன. விஷமில்லாதவை, இந்த இடத்தில் ஏராளம். அதைத் தெரிந்துகொண்டுதான் போனேன், இருந்தாலும் முதல் பாம்பைப் பார்த்ததும் துள்ளத்தான் செய்தேன்.

கல்வெட்டுகளில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கிபி 100-இல் ரோம ஆளுநர் லபேரியஸ் மாக்சிமஸ் இந்த ஊருக்கு எல்லை வகுத்து, ஆற்று வாயில் மீன்பிடி உரிமை இவர்களுடையதே என்று உறுதி செய்தார். கூடவே முந்தைய ஆளுநர்களின் கடிதங்களையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். உப்பு மீனில் வரும் வருமானத்தை விட்டால் ஊருக்கு வேறு கதியில்லை என்கிற சாரம் அவற்றில் வருகிறது. கழுகும் டால்ஃபினும் காசில் போட்ட ஊர், கடைசியில் கருவாட்டை நம்பிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது.

போகிறவர்கள் கொசு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். நிழல் கிடையாது, மாலையில் போவது நல்லது. பசித்தால் வடக்கே ஜுரிலோவ்கா என்ற மீனவர் கிராமம் வரை வண்டியை விடலாம். லிப்போவர்கள் என்ற ரஷ்ய வம்சாவளிக்காரர்கள் அங்கே மீன் சூப் வைக்கிறார்கள். குழம்பு தனி, மீன் தனி, பக்கத்தில் பூண்டு அரைத்த சாறு. உப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் இரண்டாவது கிண்ணம் கேட்டேன்.