கோனோ கோனோ

ஆகஸ்ட் 4, இரவு

புவேர்ட்டோ மால்டோனாடோவில் படகு ஏறி, தம்போபாட்டா ஆற்றங்கரை விடுதிக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. பெருவின் இந்தப் பக்கத்தில் இந்த மோட்டார் படகுக்கு 'பெக்கே பெக்கே' என்று பெயர். அது போடும் சத்தமேதான். காது இன்னும் அடைத்திருக்கிறது. கொசுவலைக்குள் படுத்த பிறகு மூங்கில் புதர்ப் பக்கமிருந்து 'போக்… போக் போக் போக்' என்று ஒரு குரல். ஏதோ தவளை.

ஆகஸ்ட் 5

தவளை இல்லையாம், எலியாம்! சொல்லிவிட்டு வழிகாட்டி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். இங்கே அதற்குக் 'கோனோ கோனோ' என்று பெயர். காக்காவுக்கு நாம் பெயர் வைத்த அதே முறை. அறிவியல் பெயர் டாக்டைலோமிஸ் பொலிவியென்சிஸ். 1920இல் ஆன்டனி என்பவர் பொலிவியாவில் கிடைத்ததை வைத்து விவரித்தார். டாக்டைலோமிஸ் என்றால் கிரேக்கத்தில் 'விரல் எலி'. எலிக்கு விரலில் என்ன விசேஷம் என்று புரியவில்லை.

ஆகஸ்ட் 6

தெற்கிலிருந்து குளிர்காற்று. 'ஃப்ரியாஹே' என்கிறார்கள். அமேசானில் ஸ்வெட்டர் போடுவேன் என்று யார் கண்டார்கள்? எலி கத்தவில்லை, நானும் தேடவில்லை.

ஆகஸ்ட் 8

பார்த்துவிட்டேன்!

இங்குள்ள குவாடுவா மூங்கிலில் முள் உண்டு, சட்டைக் கை கிழிந்தது. தலைக்கு மேலே ஒரு தண்டில் டார்ச் வெளிச்சம் பட்டது. மழுங்கிய மூஞ்சி, உடலைவிட நீளமாக மயிரில்லாத செதில் வால். அப்போதுதான் விரல் விஷயம் புரிந்தது. முன்னங்காலின் நான்கு நீள விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து, நடுவில் தண்டைக் கவ்விக்கொள்கிறது. கூர்நகம் கிடையாது. ஓடவும் இல்லை, தாவவும் இல்லை. தேவாங்கு மாதிரி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இலைக்குள் போய்விட்டது. வீட்டில் பொறி வைத்துப் பிடிக்கிற எலியோடு இதைச் சேர்க்கவே மனசு வரவில்லை.

இந்த மூங்கில் சுமார் 28 வருடத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்துக் காய்ந்துவிடுமாம். மூங்கிலரிசிக்கு எலி பெருகும் கதை நமக்குத் தெரியும். இது அந்த ரகமில்லை. இதற்கு இலையும் இளந்தண்டும்தான் சாப்பாடு.

ஆகஸ்ட் 9

மூட்டை கட்டியாயிற்று. விடிகாலை 3 மணிக்குக் குரல் கேட்டது. சற்று நேரத்தில் அக்கரையிலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. அவசர அவசரமாகப் போனில் பதிவு செய்தேன். இப்போது போட்டுக் கேட்டால் பக்கத்து அறைக்காரர் குறட்டை மட்டும் தெளிவாக இருக்கிறது.