ஹட்சிசன் தெருவில் புரட்டாசி

மொன்றியாலில் பார்க் எக்ஸ்டென்ஷன் என்றால் நம்மவர்களுக்குத் தெரியும். அங்கிருந்து 80 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, ரயில் பாதைக்கு அப்பால் தெற்கே இறங்கினால் வேறு உலகம். ஹட்சிசன், டுரோஷே, பெர்னார்ட் தெருக்களில் கறுப்பு நீள அங்கியும் காதோரச் சுருள் முடியுமாக ஆண்கள் விரைந்து நடப்பார்கள். தலையை மூடிய பெண்கள் பிள்ளை வண்டியைத் தள்ளிச் செல்வார்கள். பேச்சு இட்டிஷ் மொழியில் இருக்கும். ஊட்ரமோன், மைல் எண்ட் பகுதிகளில் நெருங்கி வாழும் ஹசிதிம் என்னும் கட்டுப்பாடான மரபைச் சேர்ந்த யூதர்கள் இவர்கள். பெல்ஸ், சட்மார், விஷ்னிட்ஸ், ஸ்குவேர் என்று அவர்களுக்குள் பல குருபரம்பரைகள் உண்டு. அங்கே ஒரு வீட்டில் முதிய தாய் ஒருவரைப் பராமரிப்பது என் வேலை. கனடாவுக்கு வந்த பிறகு எனக்கு நிலைத்த முதல் வேலையும் அதுதான்.

வீட்டில் எல்லோரும் அவரைப் பாபி என்பார்கள். பாட்டி என்று பொருள். நானும் அப்படியே அழைக்கிறேன். ஹங்கேரியில் பிறந்து, போரில் பெற்றோரை இழந்து, சிறுமியாக இந்த நாட்டுக்கு வந்தவர். எனக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. ஆனாலும் அவருக்கு நான் "மெய்டெலே", சின்னப் பெண்.

அவர்களுடைய பெருநாள்கள் இலையுதிர் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவர்கள் நாள்காட்டியின் திஷ்ரே மாத அமாவாசையை ஒட்டி ரோஷ் ஹஷானா என்னும் புத்தாண்டு. பத்தாம் நாள் யோம் கிப்பூர் உபவாசம். பௌர்ணமியில் சுக்கோத் என்னும் கொட்டில் பெருநாள் தொடங்கும். மாதத்தின் 23 ஆம் நாள் சிம்ஹாத் தோரா என்ற பெருநாளோடு எல்லாம் முடியும். இதைக் கேட்ட உடனேயே எனக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டது. மஹாளய அமாவாசை கழிந்து நாம் நவராத்திரிக்குக் கும்பம் வைப்பதும், பத்தாம் நாள் விஜயதசமி வருவதும் இதே பிறைக்கணக்கில்தான். 2024 அக்டோபர் 12 அன்று யோம் கிப்பூரும் விஜயதசமியும் ஒரே நாளில் விழுந்தன. 2023 போன்ற சில ஆண்டுகளில் ஒரு மாதம் விலகிப்போவதும் உண்டு. பிறைக்கணக்கைச் சரிசெய்யும் அதிக மாதத்தை நாம் சேர்க்கும் ஆண்டும் அவர்கள் சேர்க்கும் ஆண்டும் வேறுபடுவதே அதற்குக் காரணம். ரோஷ் ஹஷானாவுக்கு முந்தைய நாள்களில் பாபியின் மகள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வருவார். நாம் மஹாளயத்தில் பிதிர்களை நினைக்கும் அதே நாள்கள்.

புத்தாண்டுச் சமையல் பல நாள் வேலை. வட்டமாகப் பின்னிய ரொட்டி, தேனில் தொட்ட ஆப்பிள், மாதுளை, காரட், தலையோடு மீன். பெருநாளில் புதிதாக நெருப்பு மூட்டக்கூடாது. ஏற்கெனவே எரிகிற அடுப்பில் சமைக்கலாம். பெருநாள் வியாழனும் வெள்ளியுமாக வந்து சப்பாத் என்னும் சனிக்கிழமை ஓய்வுநாளும் சேர்ந்துகொண்டால், மூன்று நாள் உணவுக்குத் திட்டமிட வேண்டும். விளக்குகளுக்கு நேரங்காட்டி பொருத்தியிருக்கிறார்கள். இறைச்சிப் பாத்திரம் வேறு, பால் பாத்திரம் வேறு, கழுவும் தொட்டியும் வேறு. என் சோற்றுப் பெட்டியை அந்தச் சமையலறைக்குள் கொண்டுபோவதில்லை. அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. மச்சச் சட்டியைத் தனியாக வைத்துப் புழங்கிய வீட்டில் வளர்ந்தவள் நான்.

ரோஷ் ஹஷானாவில் ஷோஃபார் என்னும் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். தொழுகைக்கூடத்தில் நூறு முறை ஒலிக்கும். படுக்கையை விட்டு எழமுடியாத பாபிக்காக, தொழுகை முடிந்ததும் ஒரு பேரன் கொம்போடு வீட்டுக்கு வந்தான். அவருக்கு ஊதிவிட்டு, அடுத்த தெருவிலிருக்கும் இன்னொரு முதியவரிடம் போகவேண்டும் என்று அவசரமாகக் கிளம்பினான். அவன் நடந்தேதான் போகவேண்டும். சப்பாத்திலும் பெருநாளிலும் வண்டி ஓட்டக்கூடாது. அதனால் கோவிலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில்தான் எல்லோரும் வீடு எடுக்கிறார்கள். இறுக்கமான அந்த ஒரு விதிதான் அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது என்பது என் துணிபு. அந்தத் தெருவில் எந்த முதியவரும் பெருநாளில் தனித்து இருந்ததை நான் பார்க்கவில்லை.

நான் எப்போதும் நினைத்துக்கொள்வது யோம் கிப்பூரைத்தான். சூரியன் மறைவதற்கு முன்பிருந்து மறுநாள் நட்சத்திரம் தெரியும்வரை, ஏறக்குறைய 25 மணி நேரம், ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை. குளிப்பதில்லை. தோல் செருப்பு அணிவதில்லை. உரோமத் தொப்பியும் வெள்ளை அங்கியும் தரித்த பெரியவர்கள் துணிச் செருப்போடு நடப்பார்கள். பாபிக்கு நீரிழிவும் இதய நோயும் உண்டு. அவர் உபவாசம் இருக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னார். ரபி என்னும் அவர்களுடைய மதகுருவும் அதையே சொன்னார். இந்த நிலையில் உண்பதுதான் உங்களுக்குக் கடமை, உபவாசம் இருப்பதுதான் பிழை என்று ரபி தொலைபேசியில் பேசியபோது பாபி அழுதுவிட்டார். சிறுவயதிலிருந்து விடாத விரதம். கந்த சஷ்டி விரதத்தை விடச்சொல்லி வைத்தியர் சொன்ன நாளில் என் அம்மாவும் அப்படித்தான் அழுதார்.

ஆனால் அங்கே ஒரு வழி இருந்தது. ஒரே தடவையில் நிறைய உண்ணாமல், சிறிய அளவுகளாக, இடைவெளி விட்டு உண்ணலாம். ரபி கொடுத்த கணக்கு இது: ஒரு தடவைக்கு 30 மில்லிலீற்றர் கொள்ளளவுக்கும் குறைவு, ஒவ்வொரு தடவைக்கும் இடையே 9 நிமிடம். இப்படி உண்டால் முழு உணவு உண்டதாகக் கணக்கில் வராது. உடலும் சோராது. முந்தின நாள் மகளும் நானும் மருந்துக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, பிசைந்த உருளைக்கிழங்கையும் சூப்பையும் அளந்து மூடினோம். மறுநாள் வீட்டில் எல்லோரும் தொழுகையில் இருக்க, நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஊட்டினேன். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முன்னால் பாபி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அவர் வரையில் அதுவும் விரதமாகவே இருந்தது. நோயாளியைத் தள்ளிவைக்காமல், அவருக்கும் அந்த நாளில் ஓர் இடத்தை மில்லிலீற்றர் கணக்கில் அளந்து வைத்திருக்கும் அந்தச் சட்டத்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

யோம் கிப்பூர் முடிந்த இரவே தெருவில் சுத்தியல் ஓசை கேட்கத் தொடங்கும். சுக்கோத்துக்குக் கொட்டில் போடுகிறார்கள். பலகைச் சுவர், மேலே மூங்கில் தட்டி அல்லது மரக்கிளை. நிழல் வெயிலைவிடக் கூடுதலாக விழவேண்டும், தலைக்கு மேலே வேறு கூரையோ மேல்மாடியோ இருக்கக்கூடாது. கலியாண வீட்டு முற்றத்தில் கிடுகுப் பந்தல் போடுகிற பரபரப்பு அப்படியே இருக்கும், குளிரைத் தவிர. அக்டோபர் மொன்றியாலில் குளிர்ச்சட்டை போட்டபடி ஏழு நாளும் அதற்குள் உண்கிறார்கள். மழைக்குக் கயிற்றால் இழுத்து மூடும் கூரையைப் பல வீடுகளில் நிரந்தரமாகவே பொருத்தியிருக்கிறார்கள்.

இந்தக் கொட்டிலுக்காக இதே நகரத்தில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. அடுக்குமாடி ஒன்றில் பால்கனியில் எதுவும் கட்டக்கூடாது என்று நிர்வாகம் தடுத்தது. தோட்டத்தில் பொதுவாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்றது. 2004 இல் கனடா உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் யூதக் குடும்பங்களின் பக்கம் நின்றார்கள். ஒருவர் மனதார நம்புவதுதான் முக்கியம், மத அறிஞர்கள் அதைக் கட்டாயம் என்கிறார்களா என்பது அல்ல என்று தீர்ப்பு சொன்னது. இந்த நாட்டில் எந்தச் சிறுபான்மைக்கும் அந்தத் தீர்ப்பு பயன்படும். நம்மவர்கள் தெரிந்து வைத்திருக்கவேண்டியது அது. ஆனால் எல்லாம் அவர்களுக்குச் சாதகமாகவே நடந்துவிடவில்லை. 2016 இல் பெர்னார்ட் தெருவில் புதிய வழிபாட்டிடங்களுக்கான தடையை ஊட்ரமோன் மக்கள் வாக்கெடுப்பில் ஆதரித்தார்கள். பாபியின் மருமகன் அதைச் சொல்லும்போது குரலை உயர்த்துவதில்லை. நடந்து போகவேண்டிய மக்களுக்கு வேறு எங்கே கோவில் கட்டுவது என்று மட்டும் கேட்டார்.

சுக்கோத் வழிபாட்டுக்காக எத்ரோக் என்ற எலுமிச்சை இனப் பழத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். ஒரு பழத்துக்கு நூறு டொலருக்கு மேல் கொடுப்பவர்களும் உண்டு. அதோடு பேரீச்சங்குருத்தும் மிர்த்தில், வில்லோ கிளைகளும் சேரும்.

கொட்டிலுக்குள் எல்லோரும் பாட, வீட்டினுள்ளே பாபியோடு நான் இருந்த ஓர் இரவில் மகள் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். பாபியால் வரமுடியவில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது என்றேன். நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் சுக்கா என்னும் இந்தக் கொட்டிலில் இருக்கும் கடமை இல்லை, மிஷ்னாவிலேயே இருக்கிறது என்றார் அவர். மிஷ்னா ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன்பு தொகுக்கப்பட்ட சட்டநூல். அது அவர்களுக்காக எழுதப்பட்டது, எனக்காக அல்ல. இருந்தாலும் நோயாளியின் பக்கத்தில் இருக்கும் ஆளை அத்தனை காலத்துக்கு முன்பே யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். சம்பளச் சீட்டிலும் நேர அட்டவணையிலும் மட்டுமே இந்த நாடு பார்க்கிற வேலை என்னுடையது. அன்று இரவு பஸ்ஸில் வரும்போது எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

எங்கள் கட்டடத்தில் பிள்ளைகள் ரொறன்ரோவுக்குப் போய்விட, தனித்திருக்கும் அம்மாக்கள் பலர் உண்டு. நவராத்திரியை நாம் சனிக்கிழமைக்குத் தள்ளுகிறோம். அன்றைக்கும் யாராவது காரில் ஏற்றினால்தான் அவர்களால் கோவிலுக்குப் போகமுடியும். ஆகவே கீழ்த்தளத்தில் இருக்கும் ஒருவர் வீட்டில் கும்பம் வைத்து, ஒன்பது இரவும் அந்தந்த நாளிலேயே பூசை செய்யத் தொடங்கியிருக்கிறோம். மின்தூக்கியில் இறங்கி வந்தால் போதும். கடலையும் அவலும் வீடு மாறி மாறிச் செய்கிறோம். யோம் கிப்பூரும் விஜயதசமியும் ஒன்றாக வரும் ஆண்டில் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவதைக் காலை ஆறு மணிக்கே வைத்துக்கொள்கிறோம். ஏழு மணிக்கு நான் பாபிக்கு முதல் கிண்ணம் கொடுக்கவேண்டும்.