காசு கொடுத்து விழுகிறான்

நெல் காயப்போட்டுக் கொண்டிருந்தபோது சுவிஸிலிருந்து தம்பியின் வீடியோ கோல். முழங்கால் வரை பனி. குளிர்கால மலையேற்றம் பழகுகிறானாம்.

முதலில் பழக்கியது விழுவதற்கு.

வழிகாட்டி ஆபத்தில்லாத சரிவில் வேண்டுமென்றே சறுக்க விடுகிறார். சறுக்கலை நிறுத்த உடனே குப்புறப் புரண்டு, பனிக்கோடரியின் கூர்முனையைப் பனியில் குத்தி, நெஞ்சுப் பாரத்தை அதன்மேல் போட வேண்டும். சப்பாத்தில் இரும்பு முள் கட்டியிருந்தால் கால்களைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். முள் பனியில் மாட்டினால் கணுக்கால் போய்விடும். அதனால் பழகும்போது முள்ளைக் கழற்றிவிடுவார்களாம்.

"காசு குடுத்தோடா விழுறாய்?" அம்மா பின்னாலிருந்து கேட்டா.

அப்புறம் நெஞ்சில் கட்டியிருந்த சின்னக் கருவியைக் காட்டினான். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட, உலகம் முழுக்க ஒரே 457 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசை. பத்துப் பதினைந்து நிமிடம் தாண்டினால் உயிர்தப்பும் வாய்ப்பு சடாரென்று குறையும்.

கருவியோடு நிலத்தை அங்குலம் அங்குலமாகத் தேடுவதை வன்னியில் நாங்கள் நிறையப் பார்த்தவர்கள். இங்கே தேடியது கண்ணிவெடி. அவர்கள் தேடுவது உயிரோடு இருக்கும் ஆளை. எனக்கென்றால் வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு தகும்.

அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.